தோட்டத்துப் பறவையும் கேமராவும்: காட்சி, பற்று, கொல்லாமை

வீட்டைச் சுற்றியுள்ள மரஞ்செடிகளில் வந்தமரும் பறவையைப் படம் பிடிப்பது யாருக்கும் கேடில்லாத பொழுதுபோக்காகவே கருதப்படுகிறது. அதில் உயிர் போவதில்லை, பொருளும் கவரப்படுவதில்லை. ஆயினும் உயிரையும் காட்சியையும் பற்றையும் குறித்துத் தமிழ்ச் சமய மரபு வகுத்துவைத்த அளவுகோல்களால் அளந்து பார்த்தால் மூன்று கேள்விகள் எழுகின்றன. படம் தரும் அறிவு எத்தகையது? படம் பிடிப்பவரிடம் அது பற்றை வளர்க்கிறதா, குறைக்கிறதா? படத்துக்கு ஆளாகும் உயிர் அதற்காக எதையாவது இழக்கிறதா? மூன்றாவது கேள்விக்கான விடைதான் மற்ற இரண்டின் விடைகளையும் முடிவுசெய்கிறது. வட சிலாங்கூரின் தோட்டப்புற ஊர்கள் இதை ஆராய ஏற்ற களம். அங்கே பறவைகள் மிகுதி. அவற்றோடு மனிதர் கொண்ட உறவும் பலவகைப்பட்டது.

இடமும் பறவைகளும்

கலும்பாங், உலு சிலாங்கூர் மாவட்டத்தின் வடகோடியில் அமைந்த சிற்றூர். அதற்கு வடக்கே தஞ்சோங் மாலிம், தெற்கே கெர்லிங், கிழக்கே தீத்திவாங்சா மலைத்தொடர். மேற்கே செம்பனைக் காடுகள் தொடங்கி, கோல சிலாங்கூரின் கடலோரக் கண்டல் காடுகள்வரை நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்நிலத்தின் முகத்தைத் தோட்டப் பயிர்களே தீர்மானித்தன. முதலில் காப்பி, பிறகு பால்மரம், அதன்பின் செம்பனை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் போடப்பட்டது. அதை நடத்திய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து எழுதிய நாவலுக்காக 1930இல் கொன்கூர் பரிசு பெற்றவர்.

பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் ஒரே மரம் வரிசை வரிசையாக நிற்பதால் பலவகைப் பறவைகள் அங்கே தங்குவதில்லை. தோட்டத் தமிழர் லயம் எனப்பட்ட வரிசை வீடுகளின் பின்புறத்தில் வளர்த்த முருங்கை, வாழை, பப்பாளி, கறிவேப்பிலை, ரம்புத்தான், கோயிலுக்கும் சாமி மாடத்துக்கும் பூக்கொடுத்த செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ ஆகியவையே அவற்றுக்குப் புகலிடமாயின. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது அதே செடிகளும் கூடவே போயின. பூசைக்கு வைத்த செம்பருத்தியில் தேன்சிட்டு தேன் குடிக்கிறது. பப்பாளிப் பழத்தைச் சின்னான் கொத்துகிறது. அகன்ற இலையின் ஓரங்களைத் தையல்சிட்டு நாரால் தைத்துக் கூடாக்குகிறது. வேலிக் கம்பியில் வெண்தொண்டை மீன்கொத்தியும், புல்தரையில் மைனாவும் புள்ளிப்புறாவும், உயர்ந்த கிளையில் மாங்குயிலும் காணக் கிடைக்கின்றன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வடக்கிலிருந்து தகைவிலான்களும் கீச்சான்களும் வலசை வந்து, அடுத்த மார்ச், ஏப்ரலில் திரும்பிச் செல்கின்றன.

இவற்றுள் காகத்தின் வரலாறு தனியானது. காப்பித் தோட்டங்களைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்காக 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட வீட்டுக் காகங்களின் வழித்தோன்றல்களே இன்று சிலாங்கூரெங்கும் பரவியுள்ளன. முன்பு தீபகற்பத்துக்கு வலசை மட்டுமே வந்துபோன குயில், காகக் கூடுகள் பெருகியபின் இங்கேயே முட்டையிடத் தொடங்கியது. தமிழரையும் காகத்தையும் ஒரே தேவைதான் இந்த மண்ணுக்கு இழுத்துவந்தது. அமாவாசையன்று முன்னோருக்கு வைக்கும் சோற்றை உண்ண வரும் பறவையும் இதுவே.

துப்பாக்கி, கூண்டு, கேமரா

பறவையைத் தன்வசப்படுத்த மனிதர் கைக்கொண்ட வழிகள் இப்பகுதியில் மூன்று. முதலாவது துப்பாக்கி. மலாயாத் தீபகற்பத்தின் பறவையியல் சுட்டுச் சேகரித்த உடல்களின் மீதே எழுந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் அருங்காட்சியகங்களுக்கு இயக்குநராயிருந்த ஹெர்பர்ட் ராபின்சன், தீபகற்பப் பறவைகளைப் பற்றிய பெருநூலின் முதல் தொகுதியை 1927இல் வெளியிட்டார். பஞ்சடைத்துச் சீட்டுக் கட்டிய தோல்களே அதற்கு ஆதாரம். துல்லியமான அறிவு கிடைத்தது. அதற்கான விலையைப் பறவை கொடுத்தது.

இரண்டாவது கூண்டு. மெர்போக் புறாவின் குரலுக்கும் முராய் பத்து என்னும் பறவையின் பாட்டுக்கும் போட்டி நடத்தும் வழக்கம் மலாய் உலகில் வேரூன்றியது. கூண்டுக்குள் பறவை உயிரோடு இருக்கிறது, உணவும் உண்கிறது, பாடவும் செய்கிறது. ஆனால் அந்தப் பாட்டு யாரை அழைக்கப் பிறந்ததோ அந்த இணையை அது சேர்வதில்லை. பிடித்து விற்போர் பெருகியதால் காடுகளில் இப்பறவைகள் அருகின. 2022இல் பனாமாவில் கூடிய அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக மாநாடு முராய் பத்துவை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. பாராவ் பாராவ் சின்னானை முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது.

மூன்றாவது கேமரா. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் ஒரு பாடும் பறவையின் கூட்டையும் முட்டைகளையும் இருந்த இடத்திலேயே படம் பிடித்தது இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்று. ஆசியாவில் இதை வளர்த்தவர்களுள் கோலாலம்பூரில் பிறந்த லோக் வான் தோ முக்கியமானவர். 1915 முதல் 1964 வரை வாழ்ந்த இவர் திரையரங்குத் தொழிலில் பெருஞ்செல்வர். பறவையியலாளர் சாலிம் அலியின் நண்பர். இவருடைய பறவைப் படங்கள் அடங்கிய நூல் 1957இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், தாமே பொருத்திச் சேர்த்த கனத்த கேமராவைச் சுமந்து கருப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் பதிவுசெய்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கை பற்றி எழுதினார்.

துப்பாக்கி உயிரைக் கொண்டது, கூண்டு விடுதலையைக் கொண்டது, கேமரா இரண்டையும் விட்டுவைத்தது என்று இந்த வரிசையை ஒரு வளர்ச்சியாகப் படிப்பது எளிது. அது பாதி உண்மையே. மூன்றிலும் பறவையைத் தன்பால் கொள்ளும் விருப்பம் ஒன்றாகவே இருந்து கருவி மட்டும் மாறியிருக்கலாம். அப்படியா இல்லையா என்பதைக் கருவியை வைத்துச் சொல்ல முடியாது. அறிவு, பற்று, தீங்கு என்ற மூன்று நிலைகளிலும் தனித்தனியே ஆராய வேண்டும்.

படம் தரும் அறிவு

எதைக் கொண்டு ஒரு பொருளை உள்ளபடி அறிகிறோம் என்ற கேள்விக்குச் சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளை விடையாகத் தருகிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் காட்சியை வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காகப் பகுக்கிறது. பொறியின் வழியே ஏதோ ஒன்று உண்டு என்ற அளவில் தோன்றுவது முதலாவது. அதைப் பெயர், இனம், குணம், செயல், பொருள் என்று பகுத்துத் தெளிவது இரண்டாவது. அதனால் விளையும் இன்பதுன்பத்தை உயிர் தன்னுள் நுகர்ந்தறிவது மூன்றாவது. நான்காவது யோகியருக்கு உரியது.

முருங்கை மரத்தில் கரிய பறவை ஒன்று அசைவது வாயிற்காட்சி. அது காகமா, ஆண் குயிலா என்று தயங்குவது ஐயம். படத்தைப் பெரிதாக்கியதும் சிவந்த கண் தெரிகிறது. குயில் என்று தெளிகிறது. கண்ணிமைக்கும் பொழுதில் மறையும் அடையாளத்தை நிறுத்திவைத்து மானதக் காட்சிக்கு வேண்டிய அவகாசத்தை அளிப்பதே கேமராவின் உண்மையான உதவி. இறகின் ஒரு கோட்டையோ அலகின் நிறத்தையோ கண்டுகொள்ள இனி பறவையைச் சுட வேண்டியதில்லை. இந்த வகையில் படம் துப்பாக்கியின் பணியைத் துப்பாக்கியின் பாவமின்றிச் செய்கிறது.

ஆனால் படமே திரிவுக்கும், அதாவது ஒன்றை இன்னொன்றாகக் காண்பதற்கும், இடம் தருகிறது. ஆண் தேன்சிட்டின் கழுத்திலுள்ள நீலம், சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. ஒளி வேறு கோணத்தில் விழுந்தால் அதே கழுத்து கருப்பாகவே பதிவாகும். நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் சூரியன் விரைவாக உச்சிக்கு ஏறுவதால் இந்த மாற்றம் இன்னும் கடுமை. 1982இல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து கலும்பாங்கில் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் பொழுது புலர்கிறது. அதற்குப்பின் இரண்டு மணி நேரத்துக்குள் மென்மையான ஒளி போய்விடும். காலை ஒளியில் ஒரு பறவை, நண்பகலில் வேறு பறவை என்று தோன்றும் அளவுக்குப் படங்கள் மாறுபடும்.

மேலும், எடுத்தவர் கையில் காட்சியாக இருந்த படம் இன்னொருவரைச் சேரும்போது உரையாக மாறுகிறது. சொல்பவர் நம்பத்தக்கவராக இருக்கும் அளவுக்கே உரை செல்லும். கணினியில் கிளையை அழித்து, நிறத்தைக் கூட்டி, வானத்தை மாற்றிய படம் பொய்யுரையின் இனத்தைச் சேரும். ஆகவே படம் தானாகவே உண்மை என்ற நம்பிக்கைக்குச் சித்தாந்த அளவையியலில் இடமில்லை.

மூன்றாவதான தன்வேதனைக் காட்சி எந்தப் படத்திலும் பதிவாவதில்லை. மாங்குயிலின் மஞ்சளைக் கண்டு உயிருக்குள் எழுந்த மகிழ்ச்சி கண்டவரோடே நின்றுவிடுகிறது. படம் அதை நினைவூட்டலாம், தர முடியாது. இதற்கு எதிர்முனையிலிருந்து ஒரு சான்று உண்டு. மலாயாக் காவல்துறை அதிகாரியாக இருந்த ஜி. சி. மடோக், ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் மலாயாப் பறவைகளைப் பற்றிய அறிமுக நூலை எழுதினார். போருக்குப்பின் 1947இல் அது அச்சேறியது. கேமராவும் தோட்டமும் இல்லாத இடத்தில் அந்த நூலை அவரால் எழுத முடிந்ததற்குக் காரணம், முன்பு பார்த்தபோது முழுமையாகப் பார்த்திருந்ததே. படம் இருக்கிறது என்பதால் பார்ப்பதைக் குறைத்துக்கொள்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லாமற்போகும்.

காட்டுபவரும் காண்பவரும்

மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களைக் கொண்டது. அதன் பதினோராம் நூற்பா காணுதல் என்ற செயலை ஆராய்கிறது. கண் தானாகக் காண்பதில்லை. உயிர் கண்ணுக்குப் பொருளைக் காட்டி, கண்ணோடு தானும் கூடிநின்று காண்கிறது. அவ்வாறே உயிரும் தானாகக் காண வல்லதன்று. இறைவன் அதற்குக் காட்டி, அதனோடு உடன்நின்று காண்கிறான். இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று உரையாசிரியர்கள் பெயரிட்டனர். காணுதல் ஒருவர் தனித்துச் செய்யும் செயலன்று என்பதும், காட்டப்பட்டாலன்றிக் காட்சி இல்லை என்பதும் இதன் சாரம்.

இக்கொள்கையைக் கேமராவரை நீட்டினால் கண்ணுக்கு முன்னே இன்னொரு கருவி சேர்ந்ததே தவிர வரிசை மாறுவதில்லை. லென்சு காணவில்லை, கண் காணவில்லை, உயிரும் தன் ஆற்றலால் மட்டும் காணவில்லை. படத்தை எடுத்தது நான் என்ற உரிமைப் பேச்சு இங்கே வலுவிழக்கிறது. பறவையின் பக்கம் நின்று பார்த்தாலும் இதுவே தெரியும். தையல்சிட்டு இலைமறைவிலிருந்து வெளியே வருவது அதன் பசியையும் இணையையும் பொறுத்தது. காண்பவருக்கு அதன்மேல் ஏவல் உரிமை கிடையாது.

கோயில் வழிபாட்டிலும் காட்சியின் உரிமை காண்பவரிடம் இல்லை. நடை திறக்கும் வேளையும் திரை விலகும் வேளையும் சந்நிதிக்கு உரியவை, அடியார் காத்திருக்கிறார். தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டபோது வழிபாட்டின் தூய்மையும் கண்ணியமும் முன்வைக்கப்பட்டன. மூலவரைப் படம் பிடிக்கக் கூடாதென்ற பழைய வழக்கத்தின் நீட்சியே அது. பார்க்கக் கிடைப்பதெல்லாம் எடுத்துச் செல்லக் கிடைப்பதாகாது என்பது அவ்வழக்கத்தின் கருத்து.

பறவையே காட்சி கொடுத்த தலமும் தமிழகத்தில் உண்டு. திருக்கழுக்குன்றத்து மலைமேல் நண்பகல் வேளையில் இரண்டு பாறுக் கழுகுகள் வந்து, கோயிலார் படைத்த பொங்கலை உண்டு செல்வதைக் காண நெடுங்காலம் மக்கள் கூடினர். அவற்றை முனிவர்களாகவே கருதினர். சில நாள் அவை வராமலும் போயின. கூடியிருந்தவர்கள் கீழிறங்கிச் சென்றனர். 1990களில் அவற்றின் வருகை நின்றது. இந்தியாவெங்கும் பாறு இனங்கள் பெருமளவில் அழிந்த காலம் அது. வருவதும் வராததும் பறவையின் உரிமை என்பதை அங்கே யாரும் மறுக்கவில்லை.

உருவம் பற்றிய ஐயம் மலேசியத் தமிழரின் அண்டைச் சமயத்திலும் பேசப்பட்டது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதையும் வடிப்பதையும் இஸ்லாமிய மரபின் பெரும்பகுதி தடுக்கிறது. கேமரா வந்தபோது அந்தத் தடை அதற்கும் பொருந்துமா என்று அறிஞர் விவாதித்தனர். முதல் உலகப்போர்க் காலத்தில் எகிப்தின் முஃப்தியாக இருந்த முகம்மது பக்கீத் அல் முத்தீஈ, நிழற்படம் புதிதாக ஒன்றைப் படைப்பதன்று, இறைவன் படைத்ததன் நிழலைப் பிடித்துவைப்பதே என்று வாதிட்டு அதை அனுமதித்தார். வேறு அறிஞர்கள் உடன்படவில்லை. படைப்பவரின் இடத்தைப் படம் எடுப்பவர் பிடித்துக்கொள்ளலாகாது என்ற கவலை இரு தரப்புக்கும் பொது.

பற்றின் கணக்கு

உயிர் தான் சார்ந்த பொருளின் தன்மையைத் தானும் கொள்ளும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படைகளுள் ஒன்று. நிறமற்ற படிகம் அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் காட்டுவதை அதற்கு உவமை சொல்வர். பறவையைச் சார்ந்த மனம் பறவையின் இயல்பை ஏற்கும். எண்ணிக்கையைச் சார்ந்த மனம் எண்ணிக்கையாகவே ஆகும். ஒரே தோட்டத்தில், ஒரே கேமராவோடு, இரண்டும் நிகழக்கூடும்.

பறவைப் படக்கலையில் பற்று நுழையும் வாயில்கள் சில. கருவி முதலாவது. நானூறு மில்லிமீட்டர் லென்சு போதாமல் அறுநூறு வேண்டுமென்று தோன்றும். ஈரக்காற்றில் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்குமென்ற கவலையில் அதைக் காக்கத் தனிப் பெட்டி வேண்டியிருக்கும். இரண்டாவது பட்டியல். புதிய இனம் ஒன்றைச் சேர்த்ததும் அதன்மேல் இருந்த ஆர்வம் தீர்ந்து, அடுத்ததன்மேல் தாவும். மூன்றாவது பாராட்டு. பிறர் எத்தனைபேர் விரும்பினர் என்பதே படத்தின் மதிப்பாகிவிடும். யான், எனது என்னும் இரண்டு செருக்குகளும் இம்மூன்றிலும் வளர்கின்றன. துறவைப் பற்றிய நூல்கள் நிலத்தையும் பொன்னையும் குறித்து எச்சரித்தவை யாவும் படத்தொகுப்புக்கும் பொருந்தும்.

எனினும் இதே பயிற்சி பற்றைத் தணிக்கவும் வல்லது. காத்திருத்தல், அசையாதிருத்தல், பேசாதிருத்தல், கிடைக்காமையை ஏற்றல் ஆகியவை தவத்தின் உறுப்புகளாகவே மரபில் எண்ணப்பட்டவை. வீட்டுத் தோட்டம் இதற்குத் தனி நன்மை செய்கிறது. ஃபிரேசர் மலைக்கோ கண்டல் காட்டுக்கோ போகிறவர் ஒருமுறை வந்தோம், எதையாவது கொண்டுசெல்ல வேண்டும் என்ற அவசரத்தோடு போகிறார். தோட்டத்தில் அந்த நெருக்கடி இல்லை. அதே சின்னான் நாளையும் வரும். அதே கிளையில் அமரும். அறிமுகமான ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் புதுமையின் ஆசை அடங்கி, பார்க்கும் பொருளின்மேல் கவனம் கூடுகிறது.

இதற்குச் சரியான சோதனை காகம். அரிய பறவைக்காக விடியலில் எழுபவர் காகத்தின் பக்கம் லென்சைத் திருப்புவது குறைவு. ஒருபக்கம் அது பிதிரர் வடிவாகச் சோறு பெறுகிறது. மறுபக்கம் தொல்லையென்று கருதப்பட்டு, சிலாங்கூரின் நகராண்மைக் கழகங்களால் சுட்டுக் குறைக்கப்படுகிறது. விருப்பும் வெறுப்பும் இவ்வளவு கூர்மையாக ஒரே பறவையின்மேல் மோதுவது அரிது. இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்பக் கொள்ளும் இருவினையொப்பு என்ற பக்குவத்தைச் சித்தாந்தம் உயிரின் முதிர்ச்சிக்கு அடையாளமாக வைக்கிறது. அரியதை வியந்து எளியதை இகழாத பார்வை அந்தப் பக்குவத்தின் சிறிய, அன்றாடப் பயிற்சி.

கூகை இதன் மறுதலை. அதன் அலறல் சாவைச் சொல்லும் என்ற அச்சம் தோட்டத் தமிழரிடம் இருந்தது. செம்பனைக் குலைகளைக் கடித்து நாசமாக்கும் எலிகளை அது வேட்டையாடுவதால் தோட்ட நிர்வாகங்கள் 1970களிலிருந்து கம்பங்களில் மரப்பெட்டி வைத்து அதைக் குடியமர்த்தின. எலியே அதன் உணவில் ஏறக்குறைய முழுப் பகுதி. இதய வடிவ முகமும் எலியைக் கவ்விய அலகுமாக அதைக் காட்டும் படங்கள் பரவியபின், சகுனத்துக்குப் பின்னே மறைந்திருந்த உயிர் தெரியவந்தது. அச்சமும் ஒருவகைத் திரிவுக் காட்சியே. நல்ல படம் அதை நீக்கவும் உதவும்.

கொல்லாமையின் எல்லை

உயிரை எடுக்காதது மட்டும் கொல்லாமை ஆகாது. சமண மரபு இதை நுட்பமாக ஆராய்ந்தது. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, விழிப்பற்ற, கவனமற்ற செயலால் உயிருக்கு ஊறு செய்தல் என்று சொல்கிறது. கொல்லும் எண்ணம் இல்லை என்பதால் மட்டும் ஒருவர் விடுபட முடியாது. கவனக்குறைவே குற்றத்தின் வேர். பறவைப் படக்கலையில் நேரும் தீங்குகளில் பெரும்பாலானவை இந்த வகையில் அடங்கும். யாரும் பறவையை வெறுத்து அவற்றைச் செய்வதில்லை.

முதலிடம் கூட்டுக்கு. பழைய காலத்தில் ஃபிலிமுக்கு ஒளி அதிகம் தேவைப்பட்டது. லென்சுக்கு எட்டும் தொலைவு குறைவு. பறவை தவறாமல் திரும்பிவரும் இடம் கூடு ஒன்றே என்பதால் அன்றைய கலைஞர்கள் கூட்டருகே மறைவிடம் கட்டிக் காத்திருந்தனர். அந்தத் தேவை இன்று இல்லை. ஆனாலும் கூட்டைப் படம் பிடிப்பதும், தெளிவுக்காகச் சுற்றியுள்ள இலைகளை வெட்டி ஒதுக்குவதும் தொடர்கின்றன. தையல்சிட்டின் கூட்டுக்கும் தேன்சிட்டின் தொங்குகூட்டுக்கும் அந்த இலைகளே கூரையும் மதிலும். அவை போனால் வெப்பமண்டலத்து உச்சிவெயில் இறகு முளைக்காத குஞ்சுகளைச் சிறிது நேரத்தில் கொன்றுவிடும். தப்பினாலும் காகமும் செம்போத்தும் குரங்கும் எளிதில் கண்டுகொள்ளும். மனித நடமாட்டத்தால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிடுவதும் உண்டு. கருவி வளர்ந்து தேவை நீங்கியபின் பழைய வழக்கத்துக்கு நியாயம் இல்லை. மனிதரின் ஆற்றல் கூடும்போது கடமையும் கூடுகிறது.

அடுத்தது குரல். கைப்பேசியில் பதிந்த பாட்டை ஒலிக்கச் செய்தால் தன் எல்லைக்குள் எதிரி வந்ததாக எண்ணிப் பறவை வெளியே பாயும். இரை தேடும் நேரமும் குஞ்சைக் காக்கும் நேரமும் இல்லாத எதிரியைத் தேடுவதில் கழியும். கண்ணுக்குப் புண் எதுவும் தெரியாததால் இதைத் தீங்கென்று பலர் எண்ணுவதில்லை. வாய்மையின் அளவுகோலில் இது பொய். பேச்சறியாத உயிரிடம் அதன் மொழியிலேயே சொல்லும் பொய் என்பதால் இன்னும் கனத்தது.

மூன்றாவது ஒளி. கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னி அணைகின்றன. ஆண் மின்மினி இணையை அழைக்கும் மொழி அந்த ஒளி. கேமராவின் பளிச்சிடும் விளக்கு அதைக் குலைக்கும் என்பதால் படகில் செல்வோர் அதைப் பயன்படுத்தக் கூடாதென்று அறிவுறுத்தப்படுகின்றனர். இரவில் கூகையையும் பக்கியையும் படம் பிடிப்போருக்கும் இந்த விதி பொருந்தும்.

நான்காவது இரை. இதில்தான் அறநூல்கள் இரண்டு பக்கமும் பேசுவதுபோல் தோன்றும். வடலூரில் 1867இல் தருமசாலை தொடங்கிய வள்ளலார், பிற உயிரின் பசியைத் தீர்ப்பதைச் சீவகாருண்யத்தின் உயிர்நாடியாக வைத்தார். அப்படியானால் படத்துக்காகத் தட்டில் பழம் வைப்பது அறமா? யாருடைய பசிக்கு வைக்கப்பட்டது என்பதே இங்கே வினா. படம் கிடைத்ததும் நின்றுபோகும் இரை பறவையின் பசிக்கு உரியதன்று. உயிருள்ள பூச்சியையோ எலியையோ கட்டிவைத்து அழைப்பது ஓர் உயிருக்கு இரங்குவதாகச் சொல்லி இன்னோர் உயிரைக் கொல்வது. புண்ணியம் தேடிப் பறவைகளை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடும் வழக்கமும் இதே முரணில் சிக்குகிறது. விடுவிப்பதற்காகவே அவை பிடிக்கப்படுகின்றன. இதற்கு மாறாக, செம்பருத்தியும் செர்ரி மரமும் பப்பாளியும் நட்டு, ஒரு சட்டியில் நீர் வைத்து நாள்தோறும் மாற்றுவது கேமரா இல்லாத நாளிலும் தொடரும் உதவி. படம் அதன் பயனாக வரலாம். நோக்கமாக இருக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது செய்தி. அரிய பறவை எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று படத்தோடு சேர்த்து அறிவிப்பது பிடிப்போருக்கு வழிகாட்டுவதாகும். விலைமதிப்புள்ள முராய் பத்துவுக்கு இந்த ஆபத்து அதிகம். உண்மையையும் தீங்கு தருமிடத்தில் சொல்லாமல் காப்பது வாய்மைக்கு மாறானதன்று என்பதைத் தமிழ் அறநூல் மரபு ஏற்கிறது.

இத்தகைய தன்னடக்கத்தை ஓர் ஊரே மேற்கொண்டதற்கும் சான்றுண்டு. செங்கல்பட்டுக்கு அருகே வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக் கூடாதென்று 1798இல் ஆட்சியர் லயனல் பிளேசிடம் உரிமைச் சீட்டு பெற்றனர். சிவகங்கை மாவட்டக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளை முன்னிட்டுத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கெல்லாம் மனிதர் தம் வழக்கத்தைப் பறவைக்காக மாற்றிக்கொண்டனர். பறவை தன் வழக்கத்தை மனிதருக்காக மாற்றிக்கொள்ளும்படி நேருவதே மேற்சொன்ன ஐந்து தீங்குகளுக்கும் பொதுவான இயல்பு.

முடிவு

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. படம் எடுப்பதற்காகப் பறவை தன் நடத்தையை மாற்ற நேர்ந்ததா என்பதே அது. மாறவில்லையெனில் அந்தப் படம் காட்டப்பட்டதைக் கண்டதன் பதிவு. மாறியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், அது கூண்டின் இனத்தைச் சேர்ந்தது. இந்த அளவுகோல் அறிவுக்கும் பொருந்தும்: துரத்தப்பட்ட, ஏமாற்றப்பட்ட பறவையின் படம் அதன் இயல்பைக் காட்டுவதில்லை, ஆகவே அது திரிவு. பற்றுக்கும் பொருந்தும்: கிடைக்காமையைத் தாங்க முடியாத மனமே பறவையை அலைக்கழிக்கிறது.

சைவ வழிபாட்டில் புறத்தே இடும் பூவுக்கு இணையாக அகத்தே இடவேண்டிய எட்டு மலர்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் முதலாவது கொல்லாமை. இரண்டாவது ஐம்பொறி அடக்கம். பொறுமை, இரக்கம், அறிவு, மெய், தவம், அன்பு ஆகியவை பின்னே வருகின்றன. பறவைப் படக்கலையின் ஒழுக்கத்துக்கு இந்த வரிசையே போதுமானது. தீங்கின்மை முதலில் உறுதியாக வேண்டும். அதன்பின் கண்ணின் ஆசை அடங்க வேண்டும். காத்திருப்பும் கனிவும் அதற்கு அடுத்தவை. அறிவு ஐந்தாம் இடத்தில்தான் நிற்கிறது. அழகிய படம் இந்தப் பட்டியலில் இல்லை; முன்னவை நிறைவேறிய இடத்தில் அது கிடைத்தால் ஏற்பதற்குத் தடையும் இல்லை.